யத்ராங்கா என்று ஒரு குரல்

கனவில் வந்தால்கூட டியூட்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடும் என் அப்பாவுக்கு,

இப்போது ஓமனில், சோஹாரில் இருக்கிறோம். உங்கள் மருமகனுக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. எனக்கு ஏழாம் மாதம். காலையில் ஜன்னலைத் திறந்தால் கடலும் வானமும் ஒரே வெளுப்பு. எது எங்கே முடிகிறதென்று தெரிவதில்லை. நீங்கள் இருக்குமிடமும் அப்படித்தானா?

சவுதியில், தம்மாம் ஆஸ்பத்திரியில் நான் பிறந்த அன்று அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டது. குரோஷியா நாட்டு நர்ஸ் ஒருவர் தன் ரத்தத்தைக் கொடுத்தார். அவர் பெயரையே எனக்கு வைத்தீர்கள். ஆங்கிலத்தில் ‘ஜே’யில் தொடங்குவதால் எல்லோருக்கும் நான் ஜத்ராங்கா. நீங்கள் மட்டும்தான் சரியாகக் கூப்பிடுவீர்கள். “யத்ராங்கா, சாப்பிட்டியாம்மா?” நீங்கள் போன பிறகு அந்தச் சத்தம் யார் வாயிலும் வரவில்லை.

பிள்ளையின் பிறப்புச் சர்டிஃபிகேட்டில் அம்மா பெயர் வரவேண்டுமே. அதற்குள் என் பெயரை ஜானகி என்று மாற்றிக்கொள்ள முடிவு செய்திருந்தேன். “வாயில நுழையுற பேரா இருக்கட்டும்மா,” என்றார் அத்தை. விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போயிருந்தது.

போன வாரம் செக்கப். ஏசி குளிரில் கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்போது ஓர் ஆண் குரல், “யத்ராங்கா!”

எழுந்துவிட்டேன் அப்பா. “இதோ வர்றேன்ப்பா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

கூப்பிட்டவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். எதிரே அவர் மனைவியும் எழுந்து நின்றார். அந்த அம்மாவின் பெயரும் அதுதான். குரோஷியாவிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார்களாம்.

“தம்மாமில் நர்ஸாக இருந்தீர்களா?” என்று அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை, ஊரில் பேக்கரி நடத்தியவராம். என் முகம் வாடியதும் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரில் அவர்கள் நாட்டில் ஒரு பிரதமர் இருந்தாராம், ஒரு பாடகி இருந்தாராம். அது அவர்கள் ஊர்க் கடலிலிருந்து வந்த பெயராம். என் பெயருக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா! உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா அப்பா?

நர்ஸின் கதையைச் சொன்னேன். என் வயிற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், “பேரை மாத்தலைங்க,” என்றேன்.

“அப்ப நான் முதல்ல அதைச் சரியாச் சொல்லப் பழகணும்,” என்றார். பாத்திரம் கழுவியபடி “யத்... யத்ரா...” என்று அவர் முணுமுணுத்தது ஹால் வரை கேட்டது.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நமக்கு நல்லது செய்த யாரோ ஒருவருடைய பெயராக இருக்கும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி. இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மகள்,
யத்ராங்கா