புது மோட்டாருக்கு வைத்த பொட்டு

ஞாயிறு இரவு, முடிச்சூர்.

வீட்டு ஷெட்டில் இருக்கும் என் சின்ன லேத் மெஷினுக்கு இன்று புது மோட்டார் மாட்டினோம். மச்சான் கோபியே வாங்கி வந்து, பெல்ட் மாட்டி முடிக்கும் வரை கூடவே நின்றான். பெரிய பாசக்காரன். ஓட்டுவதற்கு முன் வழக்கம்போல மோட்டாருக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"மாமா, அந்தப் பொட்ட அழிச்சிடுங்க. போட்டோல பழசு மாதிரி தெரியுது" என்றான்.

குடும்ப குரூப்பில் போடத்தான் எடுக்கிறான் என்று நினைத்து நன்றாகத் துடைத்துவிட்டேன்.

சாப்பிடும்போதுதான் மனைவி சொன்னாள். "லேத்த விக்கறதுக்கு கோபி ஆன்லைன்ல போட்டுட்டான். ஷெட்டுல கார் நிறுத்தலாம்ல? நீங்களும் எவ்ளோ நாள்தான் அதக் கட்டிக்கினு அழுவீங்க?"

பழைய மோட்டாரோடு எவனும் வாங்க மாட்டானாம். அதற்குத்தான் புதுசு.

அக்காவும் தம்பியும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பொட்டை மட்டும் என் கையால் அழிக்க வைத்திருக்கிறார்கள்.