என் பெயரில் அவள் வீடு

மார்ச் 4
இன்று காலை ரொட்டி கருகியதற்குச் சர்க்கார்தான் பொறுப்பு. துரைமார் அனுப்பிய குமாஸ்தா வந்து பெரிய பதிவேட்டை விரித்து, வீடு யாருடையது என்று கேட்டார்.

"எங்கம்மாவோடது. இப்ப என்னோடது. எனக்கப்புறம் என் பொண்ணுக்கு" என்றாள் மனைவி.

"ஆம்பளை பேர் சொல்லும்மா. இப்ப சட்டம் அப்படி."

நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாக் கணவன்மாரையும் போல நானும் பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, சாயங்காலம் வந்து காலையில் போகிற ஆள்தானே! அடுப்பிலிருந்து புகை வேறு. சட்டுப்புட்டென்று முடியட்டும் என்று என் பெயரைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எனக்கென்று சட்டை மாட்ட ஓர் ஆணிகூட இல்லாத வீட்டுக்கு நான் சொந்தக்காரன்! சிரித்து வயிறு வலித்தது. அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை ஆபீசுக்குப் போய் மாத்திக் குடுத்துடுங்க."

அதற்கென்ன, செய்துவிட்டால் போகிறது.

மார்ச் 9
திங்கள். சரியான மழை.

மார்ச் 16
என் கடைக்கு ஒரே நாளில் ஏழு கடிகாரங்கள் பழுதுக்கு வந்தன. ஆபீசு அடுத்த வாரம்.

மார்ச் 21
அக்கா வீட்டிலும் இதே கூத்து. பதிவேட்டில் அவள் புருஷன் பெயர். தையல்காரர், பரம சாதுவாக இருந்தவர். இன்று என்ன சொன்னார் தெரியுமா?

"மச்சான், உங்க சாமானை எடுத்துக்கிட்டா அந்த ரூம்ல மெஷினைப் போட்டுக்குவேன்."

நான் பிறந்த அறை! அக்கா வாயே திறக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன திமிர் – மனுஷனா இவன்?

மார்ச் 22
பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் தன் அலமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். பிறகு, "ஆபீசு?" என்றாள்.

"இந்த வாரம் கண்டிப்பா."

ஏப்ரல் 2
போனேன். ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதுமாம், அரை நாள் வேலை. பத்திரத்தாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் கொடுத்துவிட்டு நான் எங்கே போவேன்? இவள் துரத்துகிறவள் இல்லை. தெரியும். அக்காவும்தான் துரத்துகிறவள் இல்லை!

ஏப்ரல் 27
விசேஷம் ஒன்றுமில்லை. மத்தியானம் கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"பொண்ணு வளர்ந்துட்டா. பின்பக்கச் சுவரை இடிச்சு அவளுக்கு ஒரு ரூம் கட்டிக்கலாமா?"

என்னிடம் கேட்கிறாள். சுண்ணாம்பு அடிக்கக்கூட இவள் யாரையும் கேட்டதில்லை. ஆபீசைப் பற்றி இப்போதெல்லாம் பேச்சே எடுப்பதில்லை. வெட்கமாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.