மடைக்கீழூரின் ஒற்றைக் குடம்

நலமே விளைக. நடுநிலைமை என்னும் விலைமதிப்பற்ற பொருளுக்கு நம் நாட்டில் இன்றைய விலை ஓர் ஊர். ஏரியோடும் மாடு கன்றோடும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

தண்பணை நாட்டுக்கு நிழலாய் நிற்கும் நெல்லணித் தலைவர் வேள் அழிசியார் திருமுன்னுக்கும், துறைமுகம்தோறும் கப்பல்கள் பாய் தாழ்த்தி வணங்கும் உப்பணித் தலைவர் பெருநாய்கர் சாத்தங்கண்டர் திருமுன்னுக்கும், செங்கரைப் பேரவையின் நடுவிருக்கையில் இரு அணிக்கும் பொதுவாய் வாய்மூடி வீற்றிருக்கும் அவைநடுவன், துலாக்கோல் வீதி வணிகன் மகன் கீரந்தை, தன்னைத் தேர்ந்தனுப்பிய ஊராகிய மடைக்கீழூரிலிருந்து எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் களங்களில் நெல் குவிக; தங்கள் அளங்களில் உப்பு விளைக; தங்கள் நாட்டு ஏரிக்கரைகள் யாவும் உறுதியாய் நிற்க. இந்த மூன்றாம் வாழ்த்து வழக்கத்தில் இல்லையே என்று வியக்க வேண்டா. இவ்வோலை எழுதும் வீட்டின் பின்சுவரை ஒட்டி நிற்பது பேரேரியின் கரை. அதன் ஈரம் சுவரில் ஏறி, எழுத்தாணி பிடித்த கையருகே வந்துவிட்டது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க.

தாங்கள் அறிந்த வழக்கமே ஆயினும், அஞ்சியவன் எதையும் அடியிலிருந்துதான் சொல்வான். பேரவைக்கு ஆள் தேரும் நாளில் ஊர்தோறும் அணிக்கொரு குடம் வைக்கப்படும்; குடிகள் தமக்கு வேண்டிய குடத்தில் ஓலை இடுவர். அவைநடுவனின் ஊரில் மட்டும் தங்கள் இரு அணியும் குடம் வைப்பதில்லை. அவன் குடம் ஒன்றே நிற்கும். தன் இருக்கை போய்விடுமோ என்று நடுங்குபவன் நேராகத் தீர்ப்புச் சொல்லமாட்டான் என்று முன்னோர் கருதியது பிழையன்று. அதற்கு ஈடாக அவனும் அவையில் தன் ஊருக்கென்று ஒரு சொல் பேசான். எப்பக்கமும் கை உயர்த்தான். நல்ல ஒப்பந்தம்தான். தாங்கள் இருவரும் முத்திரையிட்டீர்கள், நாமும் இட்டோம். ஊரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஒற்றைக் குடத்தில் வென்றவர் யார் என்று பார்க்க வேண்டியதில்லை அல்லவா? ஆகையால் அதை யாரும் திறப்பதில்லை. வாய்த்துணியைக் கட்டியபடியே நிறுத்து, எடையைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவது நம் அவையின் பழக்கம். இம்முறை எம் குடத்தை நால்வர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. இத்துணை அன்பைத் தம் அணியின் குடம் எதுவும் கண்டதில்லை என்று வேள் அழிசியார் எழுந்து புகழ்ந்தருளினீர். துணி நனைந்திருக்கிறதே என்று பெருநாய்கர் சுட்டிக்காட்டினீர். அது எம் குடிகளின் ஆனந்தக் கண்ணீர் என்று நாம் விடையிறுத்தோம். அவை குலுங்கிச் சிரித்தது.

குடத்தை ஊர்நடுவே திறந்து நன்றி கூறலாம் என்று பல்லக்கேறி வந்தோம். எங்கும் நடப்பதுபோல் குலவை எழும், மாலை விழும் என்று கழுத்தை நீட்டியபடிதான் இறங்கினோம். ஊரே கூடி நின்றது. குலவையும் இல்லை, மாலையும் இல்லை. வெற்றிலைக் கடை அங்காயி என்னும் அம்மையார், ஊர்ப்பேச்சுக்கு எப்போதும் முன்நிற்பவர், கட்டை அவிழ்த்தார். உள்ளே ஓர் ஓலைகூட இல்லை. கழுத்துவரை களிமண். வீட்டுக்கு ஒரு பிடியாக, கரையின் வெளிச்சரிவிலிருந்து அள்ளி இட்டிருக்கிறார்கள். நீர் உட்புறம் நிற்க, வெளிச்சரிவு கோடையில் புழுதி பறக்கக் கிடக்க வேண்டும். இக்கோடையில் அள்ளிய மண்ணைத்தான் அங்காயி எம் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். விரலிடுக்கில் நீர் வழிந்தது; கரை உள்ளுக்குள் கசிகிறது.

அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறோம். “எழுதிப் போட்டா படிக்கமாட்டீங்கன்னு தெரியும் சாமி. மண்ணைப் பார்த்தாவது என்ன ஏதுன்னு கேப்பீங்கன்னு நெனச்சோம். நீங்க நிறுத்துப் பார்த்துட்டுச் சந்தோசப்பட்டுட்டீங்க.”

அடுத்த ஊராகிய பனஞ்சேரியைப் பற்றி மேலும் கூறினார். அங்கே இரண்டு குடம் வைக்கிறார்கள். ஆகவே நெல்லணி புதிய மதகு கட்டிக்கொடுத்தது, உப்பணி கரைக்குக் கல் பாவிக்கொடுத்தது, எது முதலில் வந்தது என்று இரு அணியாரும் இன்றுவரை அங்கே சண்டையிடுகிறார்கள். மடைக்கீழூருக்கு அந்தச் சண்டை வாய்க்கவில்லை. “பனஞ்சேரிக்காரி வெத்தல வாங்க வந்தா ரெண்டு அணியையும் மாத்தி மாத்தித் திட்டுறா. எங்களுக்குத் திட்டக்கூட ஆளில்ல. நீங்க எங்க ஆளா சாமி, இல்ல அவையில நீங்க உக்கார்ற அந்த மணைக்கு ஆளா?”

நடுவிருக்கையில் இருப்பவன் ஊருக்காகப் பேசலாகாது என்ற விதியை நாம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரிங்க. பேச வேணாம். எங்க கூடத் தங்குங்க,” என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் கரையடியில் உள்ள இந்த வீடு எமக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஊரில் இதுவே பெரிய வீடாம். பல்லக்குத் தூக்கிகள் அனைவருக்கும் ஒருசேரத் தோள் பிடித்துக்கொண்டது, அவர்களும் இவ்வூர்க்காரர்களே. எம்மை யாரும் கட்டிவைக்கவில்லை. ஆயினும் நடந்து வெளியேறும் வழியில் எல்லாம் யாரோ ஒருவர் நின்று, சாப்பிட்டாயிற்றா என்று மரியாதையாகக் கேட்கிறார். சோறும் குழம்பும் அருமை. மேற்கே மேகம் இறங்கிவிட்டது. நேற்றைய தூறலிலேயே சரிவிலிருந்து மாட்டுக்கொட்டில் அளவு மண் சரிந்து விழுந்தது. விழுந்த ஓசை கேட்டு ஊரார் கரையைப் பார்க்கவில்லை, எம்மைப் பார்த்தார்கள். அவையில் எத்தனையோ கூச்சலை ஒரு கையசைவில் அடக்கியவன் நான். அந்தப் பார்வைக்கு முன் கை எழவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறோம். வாங்க வருபவன் ஒருவன்கூட இல்லாத சந்தையில் எம் தந்தையார் மூட்டையை இறக்கியதே இல்லை. இந்த ஊரைத் தங்கள் இருவருக்கும் விலை கேட்கவே முடியாத சரக்காக ஆக்கிவைத்திருக்கிறது வழக்கம். கரையைச் செப்பனிட அவையில் பொருள் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய வாய் எம்முடையது, அது கட்டப்பட்டிருக்கிறது. மற்ற உறுப்பினர் எவரும் தமக்கு ஓலை விழாத ஊருக்காக எழுந்து நிற்கமாட்டார். நாமே ஆயினும் நின்றிருக்கமாட்டோம்.

ஆதலால் அவைநடுவனாக இத்தீர்ப்பைச் சொல்கிறோம். ஓர் ஓலையும் விழாத குடத்தால் தேரப்பட்டவன் தேரப்பட்டவன் அல்லன். மடைக்கீழூரின் தேர்வு செல்லாது. தாங்கள் இருவரும் இவ்வூரில் தத்தம் குடம் வைத்துப் போட்டியிடுக. குடம் வைக்க வருகையில் வெறுங்கையாய் வராமல் கல்லும் கொத்தரும் கொண்டு வருக. ஒருவர் வண்டி புறப்பட்டால் மற்றவர் வண்டி தானே முந்தும் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே ஒரே செய்தியை இருவருக்கும் ஒரே வேளையில் அனுப்புகிறோம். நடுவிருக்கையின் நேர்மை இதனால் கெடாதா என்று பெருநாய்கர் வினவுவீர். கெடலாம். இருக்கையில் அமர்பவனின் ஊருக்கு வேறொரு வாயைத் தருவது எப்படி என்று அவை கூடி ஆராய்க. ஏரி அதுவரை பொறுக்காது. போட்டி வந்தால் நாம் தோற்போம் என்பதும் தெரியும். தோற்று வீடு திரும்பவும் உயிர் வேண்டுமல்லவா?

இவ்வோலைக்கு முத்திரையாக இட்டிருப்பது குடத்தில் இருந்த அதே மண். அது உலர்ந்து கைக்கு வந்தால் அன்றே புறப்படுக. ஈரமாகவே வந்தால் இதை மடித்துவைக்கவும் நில்லாது புறப்படுக. இது ஆணை.

கணக்கு: மடைக்கீழூர் பேரவைக்குக் கொடுத்தது, ஓர் ஆள். பேரவை மடைக்கீழூருக்குக் கொடுத்தது, ஏதுமில்லை. ஊர் ஈடாகப் பிடித்துவைத்திருப்பது, அதே ஆள். நிலுவை, ஓர் ஏரிக்கரை.