முயல் கதைக்குப் புள்ளி போட்டவர்கள்

அன்பு மச்சாள்,

ஊரடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதேங்கோ. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். உங்கள் தம்பி முருங்கனில் நெல் ஆலை வேலைக்குப் போய்விட்டார். எனக்கு நித்திரை வரவில்லை. அருவருப்புத்தான் வருகிறது.

முகாமில் அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். கிணறு இறைத்து, தகரக் கூரை போட்டு இருக்கிறோம். வேலிக்கு அப்பால் பனங்காணியில் இன்னும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைதான். மிதிவெடி எடுப்பவர்கள் அங்கே வரவில்லை. மாடு அந்தப் பக்கம் போனால்கூட நாங்கள் பின்னால் போவதில்லை.

இங்குள்ள முன்பள்ளிக்கு ஒரு நிறுவனம் பெட்டி நிறையக் கதைப் புத்தகம் தருகிறது. அதைத் தெரிவுசெய்யும் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், நிறுவனத்து அலுவலர் ஒருவர், பிறகு நான். கம்பஸில் நீங்களும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்த சிறுவர் இலக்கியத்துக்குக் கடைசியில் ஒரு வேலை வந்ததே என்று எவ்வளவு ஆசையோடு போனேன் தெரியுமா?

ஒரு புத்தகத்தில் முயல் கதை. காட்டோரம் மண்ணில் ஏதோ மினுங்குகிறது. தாய் முயல் தொடாதே என்கிறது. குட்டி கேட்காமல் தோண்டுகிறது. உள்ளே பொற்காசு! காடே கைதட்டுகிறது.

எங்கள் ஊருக்கு, மச்சாள்! இந்தக் கதை எங்கள் ஊருக்கு!

"ஐயா, இதில முயல் தோண்டி எடுக்குது" என்றேன்.

"முயல் தோண்டாமல் பின்னை பறக்குமோ?" அதிபர் வாய் நிறையப் பொரித்த ரோல்ஸோடு சிரித்தார்.

"எங்கட பிள்ளையளும் அப்பிடித் தோண்டுவினம்."

"முயலுக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாதோ உம்மட பிள்ளைக்கு?"

"தெரியாது ஐயா. தெரிஞ்சால் ஏன் கதை கேக்குது?"

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ், படம் வடிவு, மொழி சுத்தம், நீதியும் இருக்கு. வேற என்ன வேணும்?" எண்ணெய்க் கையாலேயே இரண்டு பேரும் முழுப் புள்ளி போட்டார்கள். நான் கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்தேன்.

மாதிரிக்கு வந்த அந்தப் புத்தகத்தை முன்பள்ளியில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் மகளைக் காணவில்லை. தேடினால் பனங்காணிக்குள் குந்தியிருந்து சிரட்டையால் மண் கிளறுகிறாள். கையில் பாதி துருப்பிடித்த மீன் ரின் ஒன்று, வெறும் தகரப் பேணி.

"அம்மா, மினுங்குது! கைதட்டுங்கோவன்!"

"அசையாதை" என்று மட்டும் சொன்னேன். மணலில் அவளுடைய சின்னக் காலடி எங்கே தெரிந்ததோ அங்கேதான் கால் வைத்துப் போனேன். தூக்கிக்கொண்டு அதே தடத்தில் திரும்பி வந்தேன்.

கம்பஸில் விரிவுரையாளரோடு நீங்கள் சண்டை பிடித்தது ஞாபகம் வந்தது. "புத்தகத்தை மூடின பிறகு பிள்ளை என்ன செய்யுதெண்டு பாக்காமல் என்னெண்டு சேர் புள்ளி போடுறது?" அன்றைக்கு வகுப்பே சிரித்தது.

இன்று காலை அதிபரிடம் போய் எல்லாம் சொன்னேன். "ரின் தானே பிள்ளை, ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்றார். பிறகு சொன்னார்: "மூண்டு பேற்ற ஒப்பமும் வேணும், நீர் வைக்காட்டி முழுப் பெட்டியும் திரும்பிப் போகும். ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளையளுக்கு வாறதையும் மறிக்கப் போறீரோ?"

அந்தப் பெட்டியில் நல்ல கதைகளும் இருக்கின்றன, மச்சாள். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. பெட்டி திரும்பினால் மற்றத் தாய்மார் என்னைத்தானே திட்டுவார்கள்? அதற்குமுன் அவர்களைக் கூட்டி, முயல் கதையை நானே வாசித்துக் காட்டப் போகிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்கும்வரை என் கையெழுத்து விழாது. இது உங்களுக்குத் தரும் சத்தியம்.

ஆனால் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை குழுக் கூட்டம். போன இடத்திலிருந்து பதில் வராதென்று தெரியும், என்றாலும் கெதியாகப் பதில் போடுங்கோ.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்கள் மச்சாள்