புகார்ப் பிரிவிலிருந்து ஒரு பிரசவம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, ரத்த அழுத்தம் அளந்து பார்த்த பிறகு எழுதுகிறேன். அங்கே நீ நலமா என்பதையும் அதே கண்டிப்போடு எழுது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று பொய் எழுதுவதானால் என்ன சாப்பிட்டாய் என்பதையும் சேர்த்து எழுது, பொய்யாவது சத்துள்ளதாக இருக்கட்டும்.

உன் அண்ணன் போனில், பெண் குழந்தை, எல்லாம் நார்மல் என்று சொல்லியிருப்பான். பெண் குழந்தை என்பது உண்மை. மற்றதை நான் எழுதுகிறேன், நீ பிரசவ வார்டில் டாக்டராக இருப்பதால் தெரிந்துகொள்வது நல்லது. அண்ணிக்குக் காலையில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் பெண் ரத்த அழுத்தம் பார்த்து, கொஞ்சம் கூட இருக்கிறதே என்றாள். லிஃப்ட் ஓடவில்லை, மாடி ஏறி வந்ததால்தான் என்று உன் அண்ணன் விளக்கம் கொடுத்தான். தலை வலிக்கிறதா என்று கேட்டாள். ராத்திரி தூக்கம் இல்லை, வேறொன்றுமில்லை என்றார் உன் அப்பா. நானும் சும்மா இருக்காமல், இவள் வலி தாங்குவாள் என்று ஒரு நற்சான்று கொடுத்தேன். ஆக அவள் உடம்பைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் பதில் சொல்லி முடித்தோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அன்று வாய் இருந்ததெல்லாம் பிள்ளை பெற வராத ஆட்களுக்கு. பிறகு டாக்டரம்மா வந்தார். உன் அப்பா நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், கோட்டைக் கண்டால் போதும், கறுப்பா வெள்ளையா என்று பார்க்கமாட்டார், எழுந்து நின்று, நீங்க பார்த்துச் செஞ்சா சரி என்றார். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்கவில்லை. டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டிய அவசரத்தில், கதவைப் பாதி திறந்துகொண்டே, எல்லாம் ஓகேதானே என்றார். அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அண்ணி அதைச் சொன்னாள்.

அவர் போன பிறகு இவள் கண்ணை மூடி மூடித் திறந்தாள். என்ன என்றால் ஒன்றுமில்லை அத்தை என்றாள். நான் விடவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தலைவலியாம், மாத்திரைக்கும் அடங்கவில்லையாம், இப்போது கண்ணில் பூச்சி பறக்கிறதாம், வலது விலாவுக்குக் கீழே வேறு பிடிக்கிறதாம். இத்தனையையும் வைத்துக்கொண்டு ஏனம்மா வாயைத் திறக்கவில்லை என்றேன். அவள் குடிநீர் அலுவலகத்தில் போனில் புகார் வாங்குகிறவள் அல்லவா, அங்கே எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிற ஆளுக்கு ‘தினசரி’ என்று பெயராம். தினசரி சொல்வதை எழுதிக்கொள்வார்களாம், ஆள் மட்டும் அனுப்பமாட்டார்களாம். “இப்பவே தலைவலி அது இதுன்னு சொல்லிட்டா, நிஜமாவே முடியாதப்போ யாரும் வரமாட்டாங்க அத்தை” என்றாள். உலகத்தில் ஊறுகாயைத்தான் இப்படி நாளைக்கு என்று மூடி வைப்பார்கள், இவள் புகாரை மூடி வைத்திருக்கிறாள். சரி, உங்கள் ஆபீஸில் யார் கூப்பிட்டால் உடனே ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டேன். ஒரு வலி வந்து போகிறவரைக்கும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை நேரத்துக் குரலில் சொன்னாள், “கத்துறவங்களுக்கு இல்ல. எந்த இடம், எப்போலேருந்து, இப்ப புதுசா என்ன மாறியிருக்குன்னு சொல்றவங்களுக்கு. அதைக் கேட்டுட்டு சும்மா உட்கார முடியாது.” சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். மணியை அழுத்தி, டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள்.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் உன் அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். “நேத்து சாயங்காலத்துலேருந்து தலைவலி டாக்டர், மாத்திரைக்குக் கேக்கல. காலையில இல்லாதது, இப்ப கண்ணு முன்னாடி வெளிச்சம் பறக்குது, இங்க விலாவுக்குக் கீழ வலிக்குது. இது பிரசவ வலி மாதிரி இல்ல. என்ன செய்யப் போறீங்க?” கடைசிக் கேள்வியையும் விடாமல் கேட்டுவிட்டாள். டாக்டரம்மா கதவை விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்தார். ரத்த அழுத்தத்தை மறுபடி அளந்தார்கள், நன்றாக ஏறியிருந்தது. அதன் பெயர் உனக்குத் தெரியும். விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று எங்களுக்குப் பிறகுதான் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும், அது எதற்கு, அதுவரை என்ன செய்வோம் என்று டாக்டரம்மா அவளிடமே சொன்னார். புரிந்ததைத் திருப்பிச் சொல்லட்டுமா என்று இவள் கேட்டாள், அதுவும் ஆபீஸ் பழக்கம்தான். திருப்பிச் சொன்னதில் ஓரிடம் தப்பாக இருந்தது, அவர் பொறுமையாகத் திருத்தினார். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், அழுகை நீதிமன்றம் வரைக்கும் கேட்டிருக்கும். இதைத்தான் உன் அண்ணன் நார்மல் என்கிறான். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதானாம், தினமும் பிரசவம் பார்க்கிறவளை.

நீ வார்டுக்குப் போகும்போது உன் நினைவில் இருக்கட்டும், எல்லாம் சரிதானே என்று கேட்காதே. காலையிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று கேள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் டீ குடிக்க அனுப்பு. எங்களைப் போன்றவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வலி எங்களுடையது இல்லை.

அண்ணிக்கு மருந்து இன்னும் நிற்கவில்லை, கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உன் கையில் பிறக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெறுகிறவர்களும் சுகமாக இருக்கட்டும், நீயும் நன்றாக இரு. மறக்காமல் அண்ணிக்குப் போன் செய். எப்படி இருக்கிறாள் என்று அண்ணனிடம் கேட்காதே, அவளிடமே கேள். பதில் நீளமாக வரும், கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா