அந்த அக்கா வெளியே வந்தாளா

இராசபாளையம்
18.6.1997

அன்பு மகள் நூர்பானுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், அத்தாவின் முழங்கால் வலி மட்டும் விடாமல் கூடவே குடியிருக்கிறது. பம்பாயில் நீயும் உன் மாமியார் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நம் வீட்டுக்குக் கேபிள் இழுத்தாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஜரா மாமி வந்திருந்த அன்று டிவியைத் திருப்பினால், நீ சின்னப் பிள்ளையில் பயந்து பயந்து பார்த்த அந்தப் பேய் பங்களா நாடகத்தை மத்தியானத்தில் மறுபடியும் போடுகிறான். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்டும் அந்த ஊளைப் பாட்டுக்கு எனக்கே கை சில்லிட்டது. அப்போது எதிர்வீட்டு ஞானபாக்கியம் டீச்சர் வீட்டில்தானே தெருவே கூடிப் பார்க்கும், நீ என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு சேலை வழியாகப் பார்ப்பாய். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அதெல்லாம் ஒரு பேயா, வெள்ளைச் சேலைக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிகிறது, கதவைச் சாத்தினால் பங்களாச் சுவரே ஆடுகிறது. மாமி சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டிவிட்டாள்.

கடைசி வாரம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆடிக் காற்றில் ஆன்டெனா திரும்பிப் படம் புள்ளி புள்ளியாகிவிட, அத்தா வீராப்பாக மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கொடைக்கானல் டவரைப் பார்த்து வைக்க வேண்டியதை அய்யனார் கோவில் மலையைப் பார்த்து வைத்துவிட்டு, மலையைப் பார்த்துத்தானே வைக்கச் சொன்னீர்கள் என்று நியாயம் வேறு பேசினார்கள். படம் திரும்பி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அவர்களைத் திட்டியது. நீ திட்டவில்லை, மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், "பூட்டி வச்சாங்கள்ல, அந்த அக்கா வெளிய வந்துட்டாளாம்மா?" என்று என் பின்னாலேயே அலைந்தாய். பங்களாவுக்கு வாக்கப்பட்டு வந்த அந்தப் பெண்ணைப் புருஷன் வீட்டார் மாடி அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஹாஜரா மாமி அவள் ஊரில் பார்த்தாளாம் என்று நானே ஒரு பொய்யைக் கட்டினேன். "வந்துட்டாட்டி, கதவ ஒடச்சுட்டு வந்து பஸ் ஏறி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாய்.

போன வியாழக்கிழமை நிஜ முடிவைப் பார்த்தேன். அவள் வரவே இல்லை. குடும்ப மானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்து, அங்கேயே செத்து, அவளே அடுத்த பேயாகிறாள். அவளைப் பெற்றவர்கள், எல்லாரும் சுகம் என்று அவள் எழுதிய கடுதாசியை நம்பிக்கொண்டு ஊரில் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எழுந்து போய் உன் கடிதங்களை எடுத்துப் பாயில் பரப்பினேன். ஏழு கடிதத்திலும் சுகம் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. ஏழு உறையும் பிரித்து மறுபடி சோற்றுப் பசையில் ஒட்டியவை. மாப்பிள்ளை சவுதிக்குப் போன நாள் முதல் போன் போட்டால் அவர் அண்ணன்தான் எடுக்கிறார், எந்நேரமும் நீ தூங்குகிறாயாம். என் மகள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. இதையும் அவர்தான் முதலில் பிரிப்பார், நன்றாக வாசிக்கட்டும், அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அத்தா மதுரையில் ரயில் ஏறுகிறார்கள், துணைக்கு உன் சின்ன மாமா சேக் முகைதீனும் வருகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வராமல் போனாலும் அத்தா வந்துவிடுவார்கள். இந்தத் தடவை திசை தப்பாது, பம்பாயில் இருந்துவிட்டு வந்த மூன்று பேரிடம் உன் தெருவுக்கு வழி கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். நாலு மாடி ஏற வேண்டுமே, முழங்கால் என்னாகும் என்றேன். "ஏறுறது என் பாடு. எறங்கும்போது அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குவேன்" என்கிறார்கள்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை, இங்கே உன்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். ஞானபாக்கியம் டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலைக்குப் பேசி வைத்திருக்கிறார். துணிமணி போனால் போகட்டும், டீச்சர் டிரெய்னிங் சர்டிபிகேட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள். அல்லாஹ் உனக்குக் காவல். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை நீ வந்து உண்மையாக்கிவிடு.

வாசலில் நிற்கும்
உன் அம்மா
சம்சாத் பேகம்