இடம் மாறிய படங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் சௌக்கியம்.

எங்கள் மருந்துக்கடையின் இணையப் பக்கத்தில், ஒவ்வொரு மருந்துக்கும் உரிய படத்தை வரிசை எண்ணை வைத்து எடுக்கும்படி நிரல் எழுதியிருந்தேன். நேற்று விளம்பரக்காரர் எல்லாவற்றுக்கும் மேலே புதுப் படம் ஒன்றைச் சேர்த்துவிட்டார். வரிசை ஒரு இடம் தள்ளிப்போய், சர்க்கரை மாத்திரையின் பெயருக்கு நேரே தூக்க மாத்திரையின் படம் நின்றது.

"யாராச்சும் வாங்கிட்டாங்களா?" என்று மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பக்கத்தை மூடிவிட்டு, இரண்டு பேரும் ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தோம். நல்லவேளை, யாரும் வாங்கவில்லை.

"இனிமே நம்பரை நம்பாதே. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பேரு வை, பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார். அப்படியே மாற்றிவிட்டேன், கவலைப்படாதே.

அடுத்த பார்சலில் தலைவலித் தைலமும் இரண்டு தலையணை உறையும் வை. ஜன்னலை ஒட்டி உட்கார்வதால் இங்கே என்னை "ஜன்னலோரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று காலை என் இருக்கையை மாற்றினார்கள். அங்கே வந்து உட்கார்ந்த புதுப் பெண்ணுக்கு அந்தப் பெயரும் போய்விட்டது.

ஃபோனை எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காதே, அம்மா. முதலில் "ஏ வாலு" என்று ஒரு தடவை கூப்பிடு.

மேலாளர் வருகிறார், முடிக்கிறேன்.

உன் வாலு